ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யாத குருவி

அடுப்புக்குருவி ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யாது. அர்ஜென்டீனாவில் எந்த மூலைக்குப் போய் எவனை எழுப்பிக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். சாண்டா எமா ஊரில் கேட்டால் சத்தியமே செய்வான். அந்த ஊரில் அரசியலுக்கு இரண்டு கட்சி, இறைச்சியை எந்தப் பக்கம் முதலில் வாட்டுவது என்பதற்கு நான்கு கட்சி. குருவி விஷயத்தில் மட்டும் ஒரே கட்சி. திங்கள் முதல் சனிவரை அது வாயில் மண் சுமக்கும், சாணியும் வைக்கோலும் சேர்த்துப் பிசையும், ரொட்டி அடுப்பு மாதிரி உருண்டையாய் வீடு கட்டும். ஞாயிறு வந்தால் அலகைத் துடைத்துவிட்டு உட்கார்ந்துவிடும். ஐந்தறிவுக்கு இருக்கிற பக்தி உனக்கில்லையே என்று பாதிரியார் திட்டுவதற்கும் இது வசதியாக இருந்தது.

இந்த நம்பிக்கையை வைத்துத்தான் ஒவீடியோ லான்செட்டா தன் வீட்டையே இழக்கப் பார்த்தார்.

ஒவீடியோ ஊர்க் கால்பந்துச் சங்கத்தின் மைதானக்காரர். புல் வெட்டுவது, சுண்ணாம்புக் கோடு போடுவது, வலையைத் தைப்பது எல்லாம் அவர்தான். வடக்குக் கோலுக்குப் பின்னால் இரண்டு அறையும் ஒரு சமையலறையுமாகச் சங்கம் கொடுத்த வீடு. இருபத்தேழு வருஷமாக அவரும் நெலிடாவும் அதில்தான் குடித்தனம். ரொசாரியோ என்ற நகரத்தில் மகள் ஒன்பதாவது மாடியில் இருக்கிறாள். வா வா என்று கூப்பிடுகிறாள். ஒருமுறை போய்விட்டு வந்த ஒவீடியோ, "அங்க ஜன்னலைத் திறந்தா இன்னொரு ஜன்னல்தான் இருக்கு" என்று சொன்னதோடு சரி.

அந்த வருஷம் லீக் இறுதி ஆட்டம் முதன்முறையாகச் சாண்டா எமாவுக்குக் கிடைத்தது. எதிரி பக்கத்து ஊர் போசோ லார்கோவின் ரொட்டித் தொழிலாளர் அணி. ஒவீடியோ புல்லை ஒவ்வொரு இதழாகச் சீவாத குறை. ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை, லீக் அதிகாரி சோர்சோலி மைதானத்தைப் பார்வையிட வந்தார். வடக்குக் கோலுக்கு எதிரில் வந்ததும் நின்றுவிட்டார்.

"மேல என்ன அது?"

"கூடுங்க" என்றார் ஒவீடியோ.

"கூடுன்னு எனக்கும் தெரியுது. கோல் கம்பத்து மேல அது என்ன பண்ணுது?"

"கட்டிக்கிட்டிருக்குதுங்க. சுவரெல்லாம் ஏறிடுச்சு. கூரை மூடணும். ரெண்டு நாள் வேலைதான் பாக்கி."

குறுக்குக் கம்பத்தின் இடது மூலையில் அரைப் பானை கவிழ்த்த மாதிரி கூடு உட்கார்ந்திருந்தது. புருஷன் பெண்டாட்டி இரண்டு குருவியும், செங்கல் நிறத்தில், மாறி மாறி வந்து மண் வைத்துவிட்டுப் போயின. மண் எடுத்த இடம் எது என்கிறீர்கள்? கோல்கீப்பர் நின்று நின்று குழியாக்கிய இடம். மைதானத்திலேயே எப்போதும் ஈரமாக இருப்பது அது ஒன்றுதான்.

இடித்துவிடலாமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்பவன் மனுஷனே இல்லை. அடுப்புக்குருவிக் கூட்டை இடித்தால் புயல் வரும். அதுவும் ஆகஸ்டு கடைசி, வருஷா வருஷம் வருகிற சாண்டா ரோசா புயல் சும்மாவே வாசலில் நிற்கிற நேரம்.

"கூடு இருந்துட்டுப் போகட்டும்" என்றார் சோர்சோலி. "ஆனா ஆட்டத்து நடுவுல குருவி இறங்கி கோல் முன்னாடி மண்ணு பொறுக்குனா? எவனாவது மிதிச்சுட்டா அந்தப் பாவத்தை யார் சுமக்குறது? ஆட்டத்தை போசோ லார்கோவுக்கு மாத்திடுறேன்."

இருபத்தேழு வருஷம் வளர்த்த புல் ஒவீடியோவின் கண் முன்னால் கருகிப் போனது. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

"ஐயா, ஆட்டம் ஞாயித்துக்கிழமைதானே?"

"ஆமா."

"அது ஞாயித்துக்கிழம வேலை செய்யாதே!"

சோர்சோலி நகரத்தில் கணக்கியல் படித்தவர், மூக்குக்கண்ணாடி போட்டவர். ஆனாலும் இந்த மண்ணில் பிறந்தவர்தானே. பேனாவால் நெற்றியைத் தட்டிக்கொண்டார். "அட, ஆமாம்ல! எனக்கு ஏன் தோணலை?"

சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தார்கள். ரொட்டித் தொழிலாளர் அணியின் தலைவி தோன்யா எல்விராவும் கையெழுத்துப் போட வந்திருந்தாள். அந்த அம்மாளின் மேல்சட்டையில் அணியின் சின்னம் இருந்தது: அடுப்பின்மேல் நிற்கிற அடுப்புக்குருவி. கீழே "ஆறு நாள் உழைப்பு, ஞாயிறு ஓய்வு" என்ற வாசகம். போசோ லார்கோவின் ரொட்டிக்காரர்கள் அந்தக் காலத்தில் இந்தக் குருவியைக் காட்டித்தான் முதலாளிகளிடம் ஞாயிறு விடுமுறை வாங்கினார்கள். மனுஷன் குருவியைவிடக் கேவலமா என்று கேட்டார்களாம்.

மூன்றாவது விதி: கூடு கோல் கம்பத்தின் ஒரு பகுதியாகவே கருதப்படும். நான்காவது விதி: மேற்படி குருவி ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யாத காரணத்தால் ஆட்டத்துக்குத் தடையில்லை.

"ஒருவேளை செஞ்சா?" என்றாள் தோன்யா எல்விரா.

"செஞ்சா கோப்பை உங்களுக்கு" என்று ஒவீடியோ முந்திக்கொண்டு சொன்னார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத மனுஷன்.

சாண்டா எமா சங்கத் தலைவர் தோன் அனிபாலுக்குக் காது சிவந்தது. டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். எதற்கும் உத்தரவாதம் கேட்டே பழகியவர். "கோப்பையைத் தூக்கிக் குடுக்க நீ யாருய்யா? அப்ப அஞ்சாவதும் எழுதுங்க. அந்தக் குருவியால கோப்பை போனா, ஒவீடியோ வீட்டுச் சாவியைக் குடுத்துட்டுப் போயிடணும்."

"தாராளமா எழுதுங்க" என்றார் ஒவீடியோ. எல்லோரும் கையெழுத்துப் போட்டு, ஒரே குழாயில் மாத்தே இலைக் கஷாயம் உறிஞ்சிவிட்டுக் கலைந்தார்கள்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். நெலிடா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"யோவ், ஞாயித்துக்கிழம காலைல என்னிக்காவது எழுந்து வெளிய பார்த்திருக்கியா?"

"அதுக்கென்ன இப்போ?"

"சொல்லு. பார்த்திருக்கியா?"

இல்லைதான். சனிக்கிழமையே கோடு போட்டுவிட்டு வந்து படுத்தால் ஞாயிறு உச்சி வெயிலில்தான் எழுந்திருப்பார். பிறகு ஆட்டம். ஆட்டத்தில் எவன் குருவியைப் பார்த்தான்?

"நான் பார்த்திருக்கேன்" என்றாள் நெலிடா. "நீ குறட்டை விடுறப்ப பதினோரு பேர் சட்டையை யாரு துவைக்கிறா? நான். கொல்லைப் பக்கம் மின்கம்பத்துல வருஷா வருஷம் கட்டுதே, அது எல்லா ஞாயித்துக்கிழமையும் வேலை செய்யும். மண்ணு ஈரமா இருந்தா செய்யும், காய்ஞ்சிருந்தா செய்யாது. கிழமையெல்லாம் உங்க ஆம்பளைங்களுக்குத்தான்யா. அதுக்கும் எனக்கும் ஏது ஞாயிறு?"

"இத்தனை வருஷமா ஏன்டி சொல்லலை?"

"நீ கேட்டியா?"

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. ஒன்பதாவது மாடி ஜன்னலே கண்ணுக்குள் நின்றது. வெள்ளிக்கிழமை காலையில் ஒரு தீர்மானத்துக்கு வந்தார். ஞாயிறு வருவதற்குள் கூடு முடிந்துவிட்டால் குருவிக்கு வேலை ஏது? அன்று முழுக்கக் கோல் முன்னால் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி மண்ணைக் குழைத்து வைத்தார். குருவிகள் இரண்டும் இறங்கி, இடுப்பில் கைவைத்த மேஸ்திரி மாதிரி நடை போட்டு, அந்தக் குழைவைச் சுற்றிவந்து பார்த்தன. பிறகு பறந்துபோய் ரோட்டோரச் சாக்கடையில் மண் எடுத்துக்கொண்டு வந்தன. ஒரு வாய் வைத்ததும் இரண்டும் எதிரெதிரே நின்று, இறக்கையைப் படபடவென்று அடித்து, ஊரே கேட்கும்படி ஜோடிப்பாட்டுப் பாடின. பாட்டுக்குக் கால்மணி நேரம், வேலைக்கு அரை நிமிஷம்.

"பாட்டை அப்புறம் பாடக்கூடாதா, சனியன்களா!" என்று ஒவீடியோ கீழேயிருந்து கத்தினார்.

சனிக்கிழமை காலை மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால் நெலிடா மாவுப் பணியாரம் பொரிப்பாள். ஊரில் எல்லா வீட்டிலும் பொரிப்பார்கள். முதல் ஈடு எடுக்கும்போது பார்த்தால் ஒவீடியோ குதிரைச் சாணி ஒரு வாளி, வைக்கோல் ஒரு கட்டு, ஏணி ஒன்று சகிதம் வெளியே போகிறார்.

"எங்கய்யா?"

"கூரையை நானே மூடிடப் போறேன்."

நெலிடா அடுப்பை அணைத்துவிட்டுக் குடையோடு பின்னால் போனாள். விழுந்து தொலைத்தால் ஒன்பதாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டா போவது என்று ஏணியைப் பிடித்துக்கொண்டாள். ஒவீடியோ மேலே நின்று மண்ணை அப்பினார், கட்டைவிரலால் தேய்த்தார், வழவழப்பாக்கினார். இரண்டு மணி நேரம். குருவிகள் வலைக்கம்பத்தில் உட்கார்ந்து கதறின.

"பத்து வருஷமா என் சமையலறைக் கூரை ஒழுகுது" என்றாள் நெலிடா, குடைக்குள்ளிருந்து. "அதுக்கு ஏற ஏணி கிடைக்கலை. குருவி வீட்டுக்குக் கிடைச்சிடுச்சு."

"இப்ப ஏன்டி அதை எடுக்குற?"

"பாக்குறப்ப ஞாபகம் வருது. இதே மாதிரிதான் பூசின. வைக்கோல் ஜாஸ்தி."

வேலை முடிந்து இறங்கினார். கூடு மூடிவிட்டது, கொஞ்சம் கோணல், ஆனால் மூடிவிட்டது. குருவி ஒன்று வந்தது. வாசலில் நின்றது. உள்ளே போகப் பார்த்தது. உள்ளே போனால் காற்று அடிக்காமல் இருக்க ஒரு தடுப்புச் சுவர் வேண்டும், அதைச் சுற்றித்தான் முட்டையறைக்குப் போக வேண்டும். அந்தச் சுவர் எழும்ப வேண்டிய இடத்தை ஒவீடியோ மண் போட்டு அடைத்திருந்தார். குருவி வெளியே வந்து அவரை ஒரு பார்வை பார்த்தது. பிறகு அவர் பூசிய மண்ணை ஒரு வாய் பெயர்த்து அவர் தொப்பிமேல் போட்டது.

பொழுது சாய்வதற்குள் பாதியைப் பிரித்துவிட்டன. சும்மா விட்டிருந்தால் சனிக்கிழமையோடு முடிந்திருக்கும் வேலை. இப்போது ஞாயிறு முழுக்க இடிப்பும் கட்டுமானமுமாக இரட்டை வேலை. குருவி தலையில் பனங்காயை வைத்துவிட்டுக் குருவி அசையாமல் இருக்க வேண்டும் என்றால் முடியுமா? நெலிடா போய் இரண்டு பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தாள். அதைப் பார்த்ததும் ஒவீடியோ கொல்லைப் பக்கம் போய் அழுதார். வெட்கப்படாமல் சொல்கிறேன், குலுங்கிக் குலுங்கி அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை ஆயிரத்தைந்நூறு பேர். தொத்திறைச்சிப் புகை, முரசு, காகிதப் பூ. சோர்சோலி வடக்குக் கோலுக்குப் பக்கத்தில் மேஜை போட்டு ஏட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நடுவர் விசில் ஊதினார். நான்காவது நிமிஷம் குருவி வந்தது. போசோ லார்கோ கோல்கீப்பரின் காலடியில் இறங்கி, நிதானமாக நடந்து, ஒரு வாய் மண்ணை எடுத்துக்கொண்டு மேலே போய்ச் சுவரில் வைத்து, அலகால் தட்டிச் சரிசெய்தது.

முரசு நின்றது. ஆயிரத்தைந்நூறு பேரும் வாயைத் திறந்தபடி பார்த்தார்கள். பாதிரியார் கண்ணை மூடிக்கொண்டார்.

"வேலை செய்யுது!" என்று தோன்யா எல்விரா எழுந்தாள். "பார்த்தீங்கல்ல? கோப்பையைக் கொண்டாங்க!"

சோர்சோலி பேனாவைத் திறந்தார். "அப்படீன்னா இங்க எழுதிக் கையெழுத்துப் போடுங்கம்மா. 'அடுப்புக்குருவி ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வதை நான் என் கண்ணால் பார்த்தேன்.'"

தோன்யா எல்விரா பேனாவை வாங்கினாள். பின்னாலிருந்து ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. அவளுடைய ஊர் ரொட்டிக்காரர்கள் முந்நூறு பேர் எழுந்து நின்றிருந்தார்கள். ஆட்டக்காரர்கள்கூட ஓட்டத்தை நிறுத்திவிட்டு வந்துவிட்டார்கள்.

"தலைவியம்மா" என்றான் அவர்களுடைய கோல்கீப்பர், மாவு வேகிற வாடை போகாத கையை நீட்டி. "இதுல கையெழுத்துப் போட்டா அடுத்த ஞாயித்துக்கிழம நாங்க அடுப்பு பத்த வைக்கணுமா?"

"முதலாளிங்க நாளைக்கே இந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிடுவானுங்க" என்றான் இன்னொருவன்.

அவள் தன் நெஞ்சிலிருந்த குருவியைக் குனிந்து பார்த்தாள். கம்பத்திலிருந்த குருவியை நிமிர்ந்து பார்த்தாள். அது அடுத்த வாய் மண்ணோடு வந்துகொண்டிருந்தது.

"அது வேலை இல்லை" என்றாள் கடைசியில்.

"பின்னே?"

"உலாத்துது."

"வாயில மண்ணு இருக்கே?"

"பசிச்சிருக்கும்."

சோர்சோலி ஏட்டில் எழுதினார்: 'குருவி உலாத்துகிறது. மண் சாப்பிடுகிறது. ஆட்டம் தொடரலாம்.' கண்ணால் காண்பதும் பொய் என்பார்களே, அதை ஓர் ஊரே கூடி நிரூபித்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு குருவி இருபது தடவை மண் எடுத்தது, ஒருவரும் பார்க்கவில்லை. பந்தோடு வந்தவன் குருவியைக் கண்டால் ஒதுங்கி ஓடினான். ஏன் ஒதுங்கினாய் என்று எவனும் கேட்கவில்லை. ஒவீடியோ கோலுக்குப் பின்னால் நின்று நெலிடாவின் கையை நொறுங்கும்படி பிடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. கடைசி நிமிஷம். போசோ லார்கோக்காரன் ஒருவன் வடக்குக் கோலைப் பார்த்து எட்டி உதைத்தான். பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே, சும்மா போய்விட வேண்டிய பந்து, நேராகப் போய்க் கூட்டில் அறைந்தது. அங்கிருந்து ஒரு பெரிய ஈர மண்கட்டி பெயர்ந்து, இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறி அங்கே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த சாண்டா எமா கோல்கீப்பர் தூலியோவின் இரண்டு கண்ணையும் அப்பியது. பந்து மெதுவாகக் கீழே விழுந்தது, அவன் முதுகில் பட்டது, உருண்டு கோட்டைத் தாண்டியது. கூடு கம்பத்தின் பகுதி என்று மூன்றாவது விதி. கோல். விசில். கோப்பை போய்விட்டது.

தோன் அனிபால் படிக்கட்டில் இறங்கி வந்த வேகத்தில் அவர் தொப்பி பின்தங்கிவிட்டது.

"சாவி!" என்றார். "குருவியால போச்சு. அஞ்சாவது விதி. எடு சாவியை! டேய், எவனாவது ஏணி கொண்டாங்கடா, அந்தக் கூட்டைத் தரைமட்டமாக்குங்க! புயல் வந்தா வரட்டும்!"

ஒவீடியோவின் கை பைக்குள் போய்ச் சாவியைத் தொட்டது. அப்போதுதான் காலடியில் கிடந்த மண்கட்டியைப் பார்த்தார். குனிந்து எடுத்தார். வைக்கோல் துருத்திக்கொண்டிருந்தது. வழவழவென்றிருந்த பக்கத்தில் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது. தன் விரலை அதில் வைத்துப் பார்த்தார். சரியாக உட்கார்ந்தது. அண்ணாந்து பார்த்தார்: குருவி கட்டிய சுவர் ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றது.

வாயை மூடிக்கொண்டு சாவியைக் கொடுத்தால், குருவி கவிழ்த்த பாவப்பட்ட மனுஷன் என்ற பேரோடு போகலாம். வாயைத் திறந்தால் ஊர் உள்ளவரை சிரிப்பார்கள். ஏணி வந்துகொண்டிருந்தது.

"தலைவரே, குருவியைத் தொடாதீங்க" என்றார். "இது அதோட மண்ணு இல்லை. என் மண்ணு. நேத்து நான்தான் ஏறிக் கூரை பூசினேன்."

"என்னது?"

"நான்தான் பூசினேன். பாருங்க, என் விரலு."

சோர்சோலி கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோன் அனிபால் நம்பவில்லை. "வீட்டைக் காப்பாத்திக்கப் பொய் சொல்றான்யா! குருவிக் கூட்டுக்கு எவனாவது கூரை போடுவானா?"

நெலிடா முன்னால் வந்தாள். "சந்தேகமா இருந்தா வாங்க. என் சமையலறைக் கூரையை வந்து பாருங்க. பத்து வருஷம் முன்னால இதே கை பூசினது. இதே வைக்கோல், இதே கோணல். நேத்து மழையில மூணு பாத்திரம் வெச்சேன்."

போனார்கள். தலைவர், அதிகாரி, தோன்யா எல்விரா, கண்ணைத் துடைத்துக்கொண்டே தூலியோ, பின்னால் கூட்டம். சமையலறைக் கூரையிலிருந்து நேற்றைய மழை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு தோன் அனிபாலின் தொப்பியில்லாத தலையிலேயே விழுந்தது. சோர்சோலி கட்டியைக் கூரையோடு ஒட்டவைத்துப் பார்த்தார். "ஒரே கைதான்" என்றார். வெளியே யாரோ ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான். ஆயிரத்தைந்நூறு பேருக்கும் அது பரவியது. ஒவீடியோ காது மடல்வரை சிவந்து நின்றார்.

சோர்சோலி ஏட்டில் எழுதினார்: 'கோப்பை குருவியால் போகவில்லை. ஐந்தாவது விதி பொருந்தாது.' தோன் அனிபால் தலையைத் துடைத்துக்கொண்டார்.

"இனிமே நீ ஏணியில ஏறுனா ஒழுகுற இடத்துக்கு ஏறு" என்றார். "சாவியை உள்ள வை."

திங்கட்கிழமை ஒவீடியோ சமையலறைக் கூரையில் இருந்தார். இந்தமுறை வைக்கோலைக் குறைத்துக்கொண்டார். புதன்கிழமை மழை பெய்தது. நெலிடா பழக்கதோஷத்தில் மூன்று பாத்திரம் வைத்தாள். மூன்றும் காலியாகவே இருந்தன. அவள் ஒரு வார்த்தை பாராட்டவில்லை. பணியாரத்தில் ஒன்று கூடுதலாக வைத்தாள்.

அடுத்த ஞாயிறு விடிந்ததும் ஒவீடியோவுக்கு விழிப்பு வந்துவிட்டது. வெளியே வந்தார். கோல் கம்பத்துக் கூட்டில் கூரை முடிந்து, குருவிகள் உள்சுவரைக் கட்டிக்கொண்டிருந்தன. ஒன்று போக ஒன்று வர, மூச்சு விடாத வேலை. கொல்லையில் நெலிடா சட்டைகளை ஊறப்போட்டுவிட்டுக் கிணற்றடியில் வாளியோடு நின்றிருந்தாள். இருபத்தேழு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அந்த நேரத்தில் அவளைப் பார்த்ததே இல்லை. போய் வாளியை வாங்கிக்கொண்டார்.

"என்னய்யா? இன்னிக்கு ஞாயித்துக்கிழமைன்னு தெரியுமில்ல?"

"தெரியும், தெரியும்" என்று ஒவீடியோ வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினார். "நீ யார்கிட்டயும் சொல்லிடாதே. ஏட்டுல எழுதிடுவானுங்க."